இருட்டுக் குகையில் பன்னிரண்டு பக்கம்

இந்த மாதம் ‘இடிவீரன்’ படக்கதை வாங்கியவர்கள் எல்லாரும் கையும் களவுமாகப் பிடிபட்டார்கள். பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்த பையன்கள், கோப்புக்கு அடியில் வைத்துப் படித்த குமாஸ்தாக்கள், “இதை இன்னுமா படிக்கிறீங்க” என்று கேட்கும் மனைவிக்குப் பயந்து குளியலறையில் போய்ப் படித்த ஐம்பது வயது ஆசாமிகள், எல்லார் விரலிலும் கருப்பு மை. சோப்பு போட்டாலும் போகவில்லை. விரலிலிருந்து சட்டைக்கும், சட்டையிலிருந்து சோபாவுக்கும், சோபாவிலிருந்து கைக்குழந்தையின் கன்னத்துக்கும் அது போய்ச் சேர்ந்த வரலாற்றை ஒரு தாயார் மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருந்தார்.

காரணம் வேறொன்றுமில்லை. முப்பத்திரண்டு பக்கப் புத்தகத்தில் பன்னிரண்டு பக்கம் முழுக் கருப்பு. இடிவீரன் ஒரு குகைக்குள் போகிறான், கையிலிருந்த பந்தம் அணைந்துவிடுகிறது, அதற்குப் பிறகு கட்டத்துக்குக் கட்டம் இருட்டு. இருட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பேச்சுப் பலூன்கள் மட்டும் மிதக்கின்றன. ‘யாரது?’ ‘நான்தான்.’ ‘நீ யார்?’ ‘அதுதான் எனக்கும் தெரியவில்லை.’ இப்படியே பன்னிரண்டு பக்கம். அத்தனை மையைக் குடித்த தாள் காய்வதற்குள் கட்டுக் கட்டிக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த யோசனையைப் பெற்ற புண்ணியவதி எடிட்டர்தான். கதை எழுதுவதும் அவளே. மேஜை மேல் குவிந்திருந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். ‘கரண்ட் போனால் என் வீட்டிலேயே இதைப் பார்த்துக்கொள்வேன், கடைக்கு நடக்க வேண்டியதில்லை’ என்று ஒருவர். ‘குகைக்குள் போனது இடிவீரனா, உங்கள் மூளையா’ என்று இன்னொருவர். நாற்பத்தொரு கடிதம் முடிந்து நாற்பத்திரண்டாவதைப் பிரிக்கும்போது முதலாளியின் அறையிலிருந்து ஆள் வந்து, திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம், அவள் அண்ணனையும் பேச்சுப் பலூன் எழுதுகிறவரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த இதழில் குதிரை திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் வேறு எடிட்டர் வருவார் என்பதும் அந்தச் செய்தியிலேயே இருந்தது.

குதிரையா என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வினை ஆரம்பித்ததே குதிரையில்தான்.

இடிவீரனுக்குக் கருங்காற்று என்று ஒரு குதிரை. இருபத்து நாலு வருஷம் அவனைச் சுமந்த குதிரை. இடிவீரனை விட அதற்குத்தான் ரசிகர்கள் அதிகம். இரண்டு வருஷம் முன்னால் எடிட்டர் அதை ஒரு மலைச்சரிவில் பாறைக்கு அடியில் போட்டுக் கொன்றாள். அலுவலக வாசலில் மாலைகள் வந்து விழுந்தன. அந்த ஒப்பாரி அடங்குவதற்குள், குதிரையின் சாவுக்குக் காரணமானவனைக் கண்டுபிடிக்கும் வரை வாளைத் தொட மாட்டேன் என்று இடிவீரனைச் சபதம் செய்ய வைத்தாள். வாள்வீச்சுக்குப் பேர்போனவன் அன்றிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு எதிரிகளுக்குப் புத்திமதி சொன்னான். அப்புறம் பனி விலகாத ஒரு நகரத்துக்கு அவனை அனுப்பினாள். ஆறு இதழ் முழுக்கப் பனி. அப்புறம் ஒரு நீளப் போர்வையை மாட்டிவிட்டாள், கை இரண்டும் உள்ளே போய்விட்டன. கடைசியில் இந்தக் குகை.

வாசகர்கள் திட்டினார்கள் என்றால், படித்தவர்கள் அதற்கு மேல் ஒரு கொடுமை செய்தார்கள். பாராட்டினார்கள். ஒரு பேராசிரியர், ‘இந்தப் பனி நம் காலத்தின் மனம்’ என்று எட்டுப் பக்கக் கட்டுரை எழுதினார். அதைப் படித்த அன்று எடிட்டர் வெட்கத்தில் மதியம் சாப்பிடவில்லை.

ஏனென்றால் பனிக்கும் காலத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தமெல்லாம் அவள் அண்ணனின் வலது கைக்குத்தான்.

இடிவீரனை முதல் இதழிலிருந்து வரைகிறவர் அவள் அண்ணன். அவர்கள் வேலை செய்வது அச்சகத்துக்கு மேலே, இரண்டாவது மாடியில். கீழே மெஷின் ஓடினால் மேலே ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும், தண்ணீர் டம்ளர் மேஜை ஓரத்துக்குத் தானாக நடந்து போகும். அண்ணன் வரையும் கோட்டில் லேசாக ஆட்டம் தெரிய ஆரம்பித்தபோது அவர், “மெஷின் ஓடுது பாப்பா, மேஜை ஆடுது” என்றார். ஐம்பது வயதை நெருங்குகிறவளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவளும் நம்பினாள். மேஜைக்காலுக்கு அடியில் ரப்பர் வைத்துக் கொடுத்தாள். ஒரு நாள் மெஷின் பழுதாகி மதியம் முழுக்க நின்றது. கட்டடமே மூச்சை அடக்கியதுபோல் இருந்த அந்த மதியத்தில் அண்ணன் குதிரையின் முன்னங்காலை வரைந்துகொண்டிருந்தார். அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மேஜை ஆடவில்லை. கோடு ஆடியது.

அண்ணன் ரப்பரை எடுத்து அழித்தார், மறுபடி வரைந்தார், மறுபடி அழித்தார். அவள் சத்தம் போடாமல் தன் இடத்துக்குத் திரும்பி வந்து, அன்று சாயங்காலத்துக்குள் குதிரையைக் கொன்றுவிட்டாள்.

அண்ணனிடமே கேட்டிருக்கலாமே என்று நாம் சொல்லலாம். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர், பதினெட்டு வயதில் இதே அலுவலகத்தில் பிழை திருத்த உட்கார வைத்தவர் அவர். ஒரு தடவை சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே, “என் கை நின்னா நானும் நின்னுடுவேன்” என்று சொல்லியிருந்தார். சொன்னவர் மறந்துவிட்டார். அவளுக்கு அது முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்களே, அப்படி ஒரு குதிரையை மறைக்க வாள், பனி, போர்வை, குகை என்று வரிசையாக வேண்டியிருந்தது. நேர்க்கோடு வராது என்றால் வாள் கிடையாது. கூட்டம் வரைய முடியாது என்றால் பனி. விரல் வரைய முடியாது என்றால் போர்வை. போன மாதம் அவர் வரையும் முகங்களும் ஆட ஆரம்பித்தன. அதனால்தான் பந்தம் அணைந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவளும் மறைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

இதில் அவளுக்கு வேறு எரிச்சல்களும் இருந்தன. ஒன்று பலூன்காரர். படங்களில் பலூன் போட்டு அதற்குள் பேச்சை எழுதுகிறவர் அவர். முப்பது வருஷ அனுபவம், எழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். ஆனால் சமீபகாலமாக மனுஷன் பலூனைக் கண்ட இடத்தில் போட்டார். அவள் இரண்டு வார்த்தை எழுதிக் கொடுத்தால் அவர் இன்னும் நாலு சேர்த்து, பலூனைப் பூசணி அளவுக்கு ஊதி, இடிவீரனின் கை மேலேயே கொண்டுபோய் வைப்பார். ‘அளந்து பேசும் வீரன் ஏன் வாயாடி ஆனான்’ என்று அதற்கும் கடிதம் வந்தது. கூப்பிட்டுக் கண்டித்தாள். சரிங்க மேடம் என்று தலையாட்டிவிட்டுப் போனவர் அடுத்த இதழில் இன்னும் பெரிதாகப் போட்டார்.

இன்னொன்று அண்ணி. குகைக் கதையை அண்ணனிடம் கொடுத்த மறுநாளே அண்ணி அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒன்றும் விசேஷமில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றாள். ராத்திரி நன்றாகத் தூங்குகிறாயா, தலை வலிக்கிறதா, யாரிடமாவது மனசு விட்டுப் பேசுகிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இருக்கிறார், ரொம்ப அமைதியானவர், யாருக்கும் தெரியாமல் போய்விட்டு வரலாம் என்றாள். முதலாளிதான் அண்ணியை அனுப்பி வேவு பார்க்கிறார் என்று நினைத்து எடிட்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி போகும்போது வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது அவளுக்குப் பிடிபடவே இல்லை.

சனி ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போவது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அவள் போனால் புது எடிட்டர் வருவார், வந்த முதல் நாளே குதிரை வரையச் சொல்வார், சாயங்காலத்துக்குள் அண்ணனின் கை ஊருக்கே தெரிந்துவிடும். இருபத்தாறு வருஷம் வரைந்த மனுஷனை, பாவம் முடியவில்லை என்று ஓரமாக உட்கார வைப்பார்கள். அப்படி உட்கார்ந்த அண்ணனை அவளால் கற்பனை செய்யவே முடியவில்லை. ஆக, போகவும் முடியாது, குதிரையைக் கொண்டு வரவும் முடியாது. ஞாயிறு சாயங்காலம் ஒரு வழி தோன்றியது. தோன்றியதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

திங்கட்கிழமை அவள் படியேறும்போது கட்டடம் அமைதியாக இருந்தது. பன்னிரண்டு பக்கக் கருப்பும் மெஷினின் உருளைகளில் அப்பிக்கொண்டுவிட்டதாம். மூன்று பேர் மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் மூன்று பேரும் ஒன்றாகக் கும்பிட்டார்கள், அந்தக் கும்பிட்டில் மரியாதை கொஞ்சமும் இல்லை.

முதலாளியின் விரல்களும் கருப்பாகத்தான் இருந்தன. அண்ணன் ஜன்னல் ஓரமாக, மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தார். பலூன்காரர் கதவுக்குப் பக்கத்தில், கூப்பிட்டால் ஓடிவிடத் தயாராக இருப்பவர்போல் நாற்காலி நுனியில். முதலாளி சுற்றி வளைக்கவில்லை. அவருடைய சொந்த மருமகனே புத்தகத்தை இவர் முன்னால் போட்டு, மாமா இதைப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டானாம். குதிரை வருமா வராதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்.

வரும் என்றாள் எடிட்டர். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் ராத்திரி முழுக்க யோசித்து வைத்ததை மடமடவென்று சொன்னாள். கருங்காற்று ஆவியாக வருகிறது. புகை மாதிரி. கழுத்து வரைக்கும்தான் தெரியும், அதுவும் மங்கலாக. மீதியெல்லாம் கனைப்புச் சத்தம்.

“மீதின்னா?” என்றார் முதலாளி. “உடம்பு? காலு?”

“பேய்க்குத்தான் கால் கிடையாதே சார்.”

கீழே துணியால் இரும்பைத் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“கால் இல்லாத குதிரையா?” என்றார்.

அண்ணன் எழுந்து வந்து முதலாளியின் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார், பேனா ஸ்டாண்டிலிருந்து பென்சிலை எடுத்தார். வேண்டாம் அண்ணா என்று அவள் கையை நீட்டினாள், அவர் கவனிக்கவில்லை. நின்றபடியே வரைந்தார். முதுகு, வயிறு, முன்னங்கால். மெஷின் ஓடவில்லை, மேஜை ஆடவில்லை, பழி போட அந்த அறையில் ஒன்றுமே இல்லை. கோடு மட்டும் குளிரில் நிற்பதுபோல் வெடவெடத்துக்கொண்டு இறங்கியது. நாலு காலும் வரைந்துவிட்டுத் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“குதிரையை இதுக்காகவா கொன்னே?”

ஆமாம் என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“வாளு?”

அதற்கும் ஆட்டினாள்.

“பனி, போர்வை, அந்தப் பாழாப்போன குகை, எல்லாமேவா?”

“நீங்க நின்னுடுவேன்னு சொன்னீங்களே அண்ணா,” என்றாள். அதற்கு மேல் வரவில்லை, அழுகைதான் வந்தது. முதலாளி முன்னால், பலூன்காரர் முன்னால், நாற்பத்தேழு வயது எடிட்டர் சின்னப் பிள்ளைபோல் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதாள். முடிந்தது, எல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி அண்ணன் நொறுங்கிப் போவார் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அப்புறம் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்துப் பதறி நிமிர்ந்து பார்த்தாள். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அடிப் பாவி,” என்றார். “நான் ரெண்டு வருஷமா உன்கிட்ட விட்டுடறேன்னு சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு மாசமும் சொல்ல வாயெடுப்பேன், நீ ஒரு புதுக் கூத்தோட வந்து நிப்பே. குதிரை செத்துச்சு, ஊரே உன்னைத் திட்டுது. இந்த நேரத்துல நானும் விட்டுட்டுப் போனா, கூடப்பொறந்தவனே கைவிட்டுட்டான்னு சொல்லுவாங்கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வரைஞ்சேன்.”

அவர் சொல்லச் சொல்ல மீதிக் கதையும் வெளியே வந்தது. கை நடுங்க ஆரம்பித்த முதல் மாதமே அவர் டாக்டரிடம் போயிருக்கிறார். சோதனையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, ஆபத்து ஒன்றும் இல்லை, சிலருக்கு வயதானால் இப்படி நடுங்கும், சாப்பிடலாம், நடக்கலாம், நூறு வயது வரைக்கும் இருக்கலாம், மெல்லிய வேலை மட்டும் முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு அண்ணனுக்கு வந்தது வருத்தம் இல்லையாம், விடுதலையாம். இருபத்தாறு வருஷமாக மாதம் முப்பத்திரண்டு பக்கம். குதிரைக்கால் என்றாலே அவருக்கு ஆரம்பத்திலிருந்தே வெறுப்பு. ஆனால் தங்கை புதுசு புதுசாக என்னவோ செய்து பார்க்கிறாள், அவளுக்குத் துணை நிற்க வேண்டும் என்று சகித்துக்கொண்டார். பன்னிரண்டு பக்கம் கருப்பு என்று அவள் சொன்ன அன்றுதான் பயம் வந்தது. தங்கைக்குத்தான் மனசில் ஏதோ ஆகிவிட்டது என்று வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்.

எடிட்டருக்கு அண்ணியின் அமைதியான டாக்டர் ஞாபகம் வந்தார். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. நூறு வயது வரைக்கும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன வார்த்தை வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நோய் என்ன, எவ்வளவு தூரம் போகும் என்று கேட்கக்கூடத் தைரியமில்லாமல் அவள் இரண்டு வருஷம் சுமந்த பாறாங்கல், வந்த சுவடே தெரியாமல் இறங்கிப் போனது.

கதவுப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பலூன்காரர் எழுந்து நின்றிருந்தார். அப்படியானால் தானும் ஒன்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். கோணலாக வந்த கை மேலெல்லாம் அவர்தான் பலூன் போட்டு மறைத்தாராம். மேடம் கண்ணில் பட்டால் அண்ணன் வேலை போய்விடும் என்று பயம். சின்ன பலூன் பத்தவில்லை, அதனால் பேச்சைச் சேர்த்தார். இடிவீரன் வாயாடியானதற்குத் தானே பொறுப்பு என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

முதலாளி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ இத்தனை நாளா இந்த ஆபீஸ்ல கதையைக் கதையா படிச்சிட்டிருந்தவன் நான் ஒருத்தன்தானா?” என்றார். பேராசிரியர் கட்டுரையைப் படித்துவிட்டு, பனி மற்றவர்களுக்கெல்லாம் புரிகிறது, தனக்குத்தான் புத்தி போதவில்லை என்று அவர் வெளியில் சொல்லாமல் குமைந்துகொண்டிருந்தாராம். தன் புத்திக்குக் குறைவில்லை என்று தெரிந்ததில் அவர் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. எடிட்டரை மாற்றும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. அட்டைப்படம் வரைகிற பெண்மணி உள்பக்கங்களும் கிடைக்காதா என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பதை அவரே ஞாபகப்படுத்தினார். அண்ணன் உடனே ஒத்துக்கொண்டார். இனித் தனக்குக் கதை சொல்லும் வேலை கொடுத்தால் போதும், இருபத்தாறு வருஷமாக மற்றவர்கள் சொன்னதை வரைந்து வரைந்து, ஏகப்பட்ட கதை உள்ளே தேங்கிக் கிடக்கிறது என்றார்.

வெளியே வந்ததும் அண்ணனும் தங்கையும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். மண்ணெண்ணெய் வாடை மேலே வரைக்கும் வந்தது. அந்தப் பன்னிரண்டு பக்கத்தைத்தான் தன் வாழ்க்கையிலேயே நிம்மதியாகச் செய்ததாக அண்ணன் சொன்னார். பெரிய தூரிகையை மையில் முக்கி இழுத்துக்கொண்டே போக வேண்டியதுதான், கை நடுங்கினால் என்ன நடுங்காவிட்டால் என்ன. அவள் கையிலிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தாள். நாலு காலும் வெடவெடக்கும் குதிரை. பார்க்கப் பார்க்க அவளுக்கு அது பிடித்துப் போனது. நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த இதழ் ஞாபகத்துக்கு வந்தது. குதிரையை என்ன செய்வது என்று அண்ணனைக் கேட்டாள். ஊரே துக்கம் அனுசரித்துவிட்டது, இனிமேல் எப்படித் திருப்பிக் கொண்டு வருவது?

“அது செத்ததை நான் எங்க வரைஞ்சேன்?” என்றார் அண்ணன். “எடுத்துப் பாரு. வெறும் பாறையும் புழுதியும்தான் போட்டேன். குதிரையை வரைய வரலை, அதான்.”

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான்.

“குகையோட அந்தப் பக்கம் வாசல்ல நிக்கட்டும் பாப்பா. உயிரோட, நாலு காலோட, நல்ல வெயில்ல நிக்கட்டும். இனிமே அந்தக் காலை வரையப்போறது நான் இல்லையே.”